மூன்றாவது ஜிபி

அந்த ஆஸ்பத்திரியில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரெண்டு ஜிபி என்றுதான் சொல்வார்கள். "ரெண்டு ஜிபி எங்கப்பா போனான்?", "ரெண்டு ஜிபிய வரச்சொல்லு, பிரிண்டர் மறுபடி மக்கர் பண்ணுது." இந்தப் பட்டம் அவனே தேடிக்கொண்டது. கம்ப்யூட்டர் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும், கேட்டவர் டாக்டரா தரை துடைப்பவரா என்று கூடப் பார்க்காமல், ஆதியோடந்தமாக விளக்க ஆரம்பித்துவிடுவான். கேட்டவர் பாதியிலேயே கழன்றுகொள்வார். அவர் காதில் தங்குவது ரெண்டு ஜிபி என்ற வார்த்தை மட்டும்தான்.

அவனுடைய அறை அடித்தளத்தில் இருந்தது. ஒரு பக்கம் சலவைப் பிரிவு, மறுபக்கம் ஆக்சிஜன் சிலிண்டர் அடுக்கும் கிடங்கு. ஏசி ஒழுகும், ஒழுகும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. கொளுத்தும் வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எதிரே ஆள் உயரத்துக்கு ஒரு சர்வர் இரைந்துகொண்டிருக்கும். மாடியில் இருந்த நர்சுகள் அதற்குப் பெரியவர் என்று பெயர் வைத்திருந்தார்கள். ரத்தப் பரிசோதனை முடிவுகள் அத்தனையும் பெரியவர் வழியாகத்தான் வார்டுக்குப் போக வேண்டும். லேபில் டைப் செய்தால் வார்டு ஸ்கிரீனில் தெரியும்.

பெரியவரின் ஆபரேட்டிங் சிஸ்டம் பழசு. அது பிறந்த காலத்தில் போட்ட சட்டம் ஒன்று உண்டு. எந்தப் புரோகிராமாக இருந்தாலும் நாலு ஜிபி மெமரி என்பதுதான் கணக்கு. அதிலும் பாதி சிஸ்டத்துக்கு, பாதி புரோகிராமுக்கு. ஆகப் புரோகிராமின் பங்கு ரெண்டு. மெஷினுக்குள் எவ்வளவு மெமரி வாங்கிச் சொருகினாலும் அந்த ரெண்டு ரெண்டுதான். சமையலறையில் அண்டா அண்டாவாகச் சோறு இருந்து என்ன, தட்டு இத்தனூண்டு என்றால்? லேப் புரோகிராமோ வாங்கியதைத் திருப்பித் தராத ரகம். காலையில் சாதுவாக ஆரம்பிக்கும். ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் கொஞ்சம் மெமரியைப் பிடித்து வைத்துக்கொண்டே போய், ரெண்டைத் தொட்டதும் பொத்தென்று விழுந்துவிடும். திருத்தலாம் என்றால், அதை எழுதிக் கொடுத்த கம்பெனி என்றைக்கோ கடையைக் கட்டிவிட்டது. புது சிஸ்டத்தில் அது ஓட மறுத்தது.

அதனால் அவன் ஒரு வழக்கம் வைத்திருந்தான். தினமும் மத்தியானச் சாப்பாட்டு வேளையில், அது தானாக விழுவதற்கு முன், அவனே நிறுத்தி மறுபடி எழுப்புவான். அதற்கு முன்னால் வார்டு வார்டாகப் போன் செய்வான். "பெரியவர் குளிக்கப் போறாரு. தலை துவட்டி வர்ற வரைக்கும் ஸ்கிரீன நம்பாதீங்க." அந்தக் கொஞ்ச நேரத்துக்கு லேபில் ரிசல்ட்டைக் கையால் எழுதுவார்கள். வார்டிலிருந்து ஆள் இறங்கி வந்து வாங்கிப் போகும். மோசமான ரிசல்ட்டாக இருந்தால் லேப்காரம்மாவே போனை எடுத்து வார்டு அதிரக் கத்துவார். எல்லாரும் அவனைத் திட்டிக்கொண்டேதான் இதைச் செய்தார்கள். ஆனால் செய்தார்கள், ஒரு நாள் தவறாமல்.

அவனுக்கு உலகம் என்றால் அக்கா வீடு. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அவனை வளர்த்தது அக்காதான். கல்யாணமாகிப் போனபோது தம்பியையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். வேறு மனிதராக இருந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். மாமா பஸ் டிரைவர். வாசலில் பெட்டியோடு நின்ற பள்ளிக்கூடப் பையனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீன்னு யாரும் சொல்லவே இல்லையேடா மச்சான்" என்று சிரித்தார். அவ்வளவுதான், அதற்கப்புறம் அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லை. அவனைப் படிக்க வைத்தார். அவன் வேலைக்குப் போன பிறகு, ராத்திரிச் சாப்பாட்டில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி அவருடையதுதான்: "இன்னைக்கு உங்க பெரியவர் குளிச்சாராடா? காதுக்குப் பின்னால தேச்சு விட்டியா?"

அந்த மாமாவுக்குத்தான் சிறுநீரகம் கெட்டுப்போனது. முதலில் கால் வீங்கியது. செருப்பு சின்னதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு பஸ் ஓட்டிக்கொண்டே இருந்தார். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் அக்கா பிடிவாதமாக அழைத்துவந்தாள். அதற்குள் முற்றிப்போயிருந்தது. அவன் வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே, மூன்றாம் மாடி ஐ.சி.யூ.வில் படுக்க வைத்தார்கள். உள்ளே சொந்தக்காரர்களை விடமாட்டார்கள். பார்வை நேரத்தில் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். மற்ற நேரம் கீழே எங்காவது காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

ஐ.சி.யூ. ஹெட் நர்ஸ் ஒளிவுமறைவு இல்லாத மனுஷி. அவனைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"இங்க பாரு தம்பி, கிட்னி வேலை செய்யலைன்னா ரத்தத்துல பொட்டாசியம் ஏறும். ஏறிச்சுன்னா ஹார்ட் நின்னுடும். ஏறுறது ஆளப் பாத்தா தெரியாது. பேசிக்கிட்டே இருப்பாரு. ரத்தம்தான் காட்டிக் கொடுக்கும்."

"ஏறிடுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"உடனே ஊசி போட்டு இறக்குவோம், டயாலிசிஸுக்குத் தள்ளிட்டுப் போவோம். அதெல்லாம் கையிலயே இருக்கு. நேரத்துல தெரியணும், அவ்வளவுதான்."

அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. மாமாவின் ரத்தம் லேபுக்குப் போகும்போதெல்லாம் இங்கே இவன் புரோகிராம் எவ்வளவு மெமரி தின்றிருக்கிறது என்று பார்ப்பான். ஒரு நாள் மத்தியானம் பெரியவர் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் மாமாவின் ரிசல்ட் வந்தது. பொட்டாசியம் அதிகம். லேப்காரம்மா போன் செய்தார். வார்டு போன் பிஸி. யாரோ சீட்டை எடுத்துக்கொண்டு மாடியேறி ஓடி, ஊசி போட்டு, இறக்கிவிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பார்வை நேரத்தில் ஹெட் நர்ஸ் இதை அக்காவிடம் சொல்லிவிட்டார்.

அக்கா அவனைப் படிக்கட்டில் மடக்கினாள். "உன் மிஷின் குளிக்கிற நேரம் பாத்து உங்க மாமாவுக்கு ஏதாவது ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா?"

"ஆகாதுக்கா. அதான் ஓடி வந்து கொடுத்துட்டாங்கல்ல."

"ஓடி வந்தாங்க. வழியில தடுக்கி விழுந்திருந்தா? எனக்கு இதெல்லாம் புரியாதுடா. அந்தக் குளியல நிறுத்த முடியுமா, முடியாதா?"

முடியும். அதுதான் விஷயம். அந்தப் பழைய சிஸ்டத்துக்குள் ஒரு குறுக்கு வழி இருந்தது. அது துவங்கும்போது படிக்கிற ஃபைலில் ஒரே ஒரு வார்த்தையைச் சேர்த்தால் பங்கு மாறிவிடும்: புரோகிராமுக்கு மூன்று, சிஸ்டத்துக்கு ஒன்று. மூன்று கிடைத்தால் புரோகிராம் பொழுது சாயும்வரை தாங்கும். குளியலை ராத்திரி ஆளில்லா நேரத்துக்குத் தள்ளிவிடலாம். இது அவனுக்கு வருஷக்கணக்காகத் தெரியும். தெரிந்தேதான் தொடாமல் இருந்தான். மூன்றாவது ஜிபி வானத்திலிருந்து குதிப்பதில்லை, சிஸ்டத்தின் வாயிலிருந்து பிடுங்குவது. வார்டு ஸ்கிரீன்களுக்குத் தொடர்பு கொடுப்பது, வந்தவர்களை உள்ளே விடுவது எல்லாம் சிஸ்டத்தின் வேலை. அதற்கும் இடம் வேண்டும்.

ஆனால் படிக்கட்டில் நின்று கேட்டது அக்கா. படுத்திருந்தது மாமா. அவன் அந்த வார்த்தையைச் சேர்த்தான்.

அருமையாக ஓடியது. ஒரு வாரம் அடித்தளத்தைவிட்டு நகராமல் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தான். புரோகிராம் ரெண்டைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டான். அது பாட்டுக்குத் தாண்டிப் போனது. மத்தியானக் குளியல் நின்றது. வார்டில் கைதட்டாத குறை. நிர்வாகி வழியில் நிறுத்தி, "இத முன்னாடியே செஞ்சிருக்கலாமேப்பா, இத்தனை வருஷமா எங்களப் பாடாப்படுத்திட்டியே" என்று தோளில் தட்டினார். லேபில் யாரும் கையால் எழுதவில்லை. யாரும் மாடியேறி ஓடவில்லை. மோசமான ரிசல்ட் என்றால் வார்டு ஸ்கிரீனில் சிவப்பாக எரியும், பிறகு போன் எதற்கு? கொஞ்ச நாளில் லேப் போனின் மேல் கையுறைப் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள்.

அவன் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். அவனைப் போல ஒருத்தன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. இத்தனை வருஷமும் அவன் கண் ஒரே நம்பரில் பழகியிருந்தது: புரோகிராம் எவ்வளவு தின்றிருக்கிறது என்ற நம்பர். தொல்லை கொடுத்தது எப்போதும் அதுதான் என்பதால் காவலையும் அதற்கே போட்டான். வாயைத் திறக்காமல் பட்டினி கிடந்த சிஸ்டத்தின் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

ஒரு நாள் மத்தியானத்துக்கு மேல், நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்த சிஸ்டத்தின் பங்கு தீர்ந்துபோனது. எதுவும் விழவில்லை, எதுவும் அலறவில்லை. புதுத் தொடர்பு கேட்டு வந்தவர்களுக்கு மட்டும் அது கதவைத் திறக்கவில்லை. லேப் கம்ப்யூட்டர் காலையிலேயே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டதால் அதற்குக் குறையில்லை. வார்டு ஸ்கிரீனோ ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கதவைத் தட்டி வாங்கி வரும் ஜாதி. கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று சொல்ல அந்தப் பாழாய்ப்போன ஸ்கிரீனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைசியாகக் கிடைத்ததையே காட்டிக்கொண்டு இளித்துக்கொண்டிருந்தது.

லேபில் மாமாவின் ரத்தம் வந்தது. பொட்டாசியம் ஏறியிருந்தது, போன தடவையைவிட அதிகமாக. லேப்காரம்மா டைப் செய்தார், வழக்கம்போல பிரிண்ட் வந்தது, அவர் ஸ்கிரீனில் சிவப்பு எரிந்தது. மேலேயும் எரியும் என்று நினைத்து அடுத்த டியூபை எடுத்தார். மேலே ஹெட் நர்ஸ் பார்த்தபோது காலை ரிசல்ட் இருந்தது. நார்மல்.

அவனும் பார்த்தான். அதுதான் கொடுமை. மனசு கேட்காமல் மூன்றாம் மாடிக்குப் போய், வாசலில் நின்று எட்டி ஸ்கிரீனைப் பார்த்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமா அவனைக் கண்டதும், பேச முடியாமல், ஒரு கையைத் தூக்கித் தலையைத் துவட்டுவது போல ஜாடை காட்டினார். அவன் சிரித்துவிட்டான். இறங்கி வரும்போதே அக்காவுக்குப் போன் செய்தான்.

"இப்பதான் பாத்துட்டு வரேன்க்கா. ரிசல்ட் நல்லா இருக்கு. நீ ஏதாவது சாப்பிட்டியா?"

"இனிமேதான்டா. நல்லா இருக்குன்னு சொல்லிட்டல்ல, இனிமே தொண்டையில இறங்கும்."

அடித்தளத்துக்குப் போய் நம்பரைப் பார்த்தான். மூன்றுக்கு இன்னும் நிறைய இடம் இருந்தது. நிம்மதியாக டீ குடித்தான்.

பொழுது சாய்வதற்குள் மாமாவின் இதயம் நின்றுவிட்டது. அழுத்திப் பார்த்தார்கள், ஷாக் கொடுத்துப் பார்த்தார்கள். அவன் மூச்சிரைக்க ஏறி வந்தபோது திரையை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள். ஹெட் நர்ஸ், "ரிசல்ட் நார்மலாத்தானே இருந்துச்சு, நார்மலாத்தானே இருந்துச்சு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவன் ஸ்கிரீனைப் பார்த்தான். வரிசையின் ஓரத்தில் சின்னதாக நேரம் போட்டிருந்தது. காலை நேரம். அவனுக்கு அந்த இடத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது.

விசாரணை என்று ஒன்று நடந்தது. சர்வர் நின்றதா? நிற்கவில்லை. புரோகிராம் விழுந்ததா? விழவில்லை. நோய் முற்றிய கேஸ் என்று முடித்தார்கள். அவன் நிர்வாகியின் அறைக்குப் போய், மூன்று, ஒன்று, கதவு, எல்லாவற்றையும் சொன்னான். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் விளக்கத்தைக் கடைசிவரை கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "போனவரு உங்க மாமா. கேள்வி கேட்கிறதா இருந்தா உங்க அக்காதான் கேட்கணும். அவங்க கேட்டாங்களா? அப்புறம் நீ எதுக்குப்பா வாயக் கொடுத்து மாட்டிக்கிற?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அதுதான் இன்னும் கசந்தது.

அக்கா கேட்கவில்லை. அவளுக்குத் தம்பி மேல் சந்தேகம் என்று ஒன்று வரவே வராது. வந்தவர்களிடமெல்லாம், "இவன் அங்க இருந்ததாலதான் அத்தனை நாளாவது இழுத்துப் பிடிச்சோம்" என்று சொன்னாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவன் கொல்லைப்பக்கம் போய்விடுவான். வந்தவர்கள் எல்லாரும் கிளம்பி வீடு வெறிச்சென்று ஆன ஒரு மத்தியானம், மாமாவின் யூனிஃபார்ம் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த அக்காவின் முன்னால் உட்கார்ந்து, அவன் சொல்லிவிட்டான். இந்த முறை விளக்கம் நீளவில்லை. ரிசல்ட் வந்தது, மோசமாக இருந்தது, மேலே போய்ச் சேரவில்லை, நான் செய்த மாற்றத்தால்தான் சேரவில்லை.

அக்கா மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரு சட்டையை முடித்து அடுத்ததை எடுத்தாள்.

"நான்தானேடா அத நிறுத்தச் சொன்னேன்."

"நீ சொன்ன. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அந்தச் சட்டையையும் மடித்து அடுக்கில் வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டே, "மேல போகலைன்னா, அது அப்ப எங்கதான்டா இருந்துச்சு?" என்றாள்.

"எது?"

"மாமாவோட ரிசல்ட்டு."

"லேப்லதான். பிரிண்டாகி மேஜை மேல கிடந்துச்சு."

அக்காவின் கை நின்றது.

"கீழ லேப்லயா? கதவுல பச்சை பெயின்ட் அடிச்சிருக்குமே, அங்கயா?" என்றாள். "அந்த வாசல் பெஞ்சுலதானேடா மத்தியானம் பூரா உக்காந்திருந்தேன். நீ போன் பண்ணப்பகூட அங்கதான் இருந்தேன். அந்தம்மா ரெண்டு தடவ வெளிய வந்து எம்மூஞ்சியப் பாத்துட்டு உள்ள போனாங்க. என் கையில கொடுத்திருந்தா நான் ஓடியிருக்க மாட்டேனா?"

அவன் பதில் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.