முழுப்பூப்புக்கு அடுத்த சொல்

வெளிநாட்டில், லாசால் என்ற ஊரில், மின்னணுப் பலகைகளைச் சோதிக்கும் வேலையில் எனக்குப் பக்கத்து மேசை கெய்கோ. ஜப்பானியப் பெண், என் வயதுதான். எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் பழக்கம். எதிர்ப் பூங்காவில் செர்ரி மரங்கள் மொட்டு விட்டதும், ஒவ்வொரு நிலைக்கும் அவள் மொழியில் பெயர் கேட்டேன். பத்தில் மூன்று பங்கு பூத்தால் 'சன்புஸகி'. பாதியென்றால் 'கொபுஸகி'. முழுவதும் பூத்தால் 'மன்காய்'. மேலே சொல்ல வந்தவளை, "போதும்" என்று நிறுத்திவிட்டேன். பூத்து முடிந்த பிறகு என்ன இருக்கிறது?

எனக்கு நிச்சயித்திருந்த ரவி, அகதியாக வந்து இறங்கும்போது முதலில் அந்த மன்காயைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆனால் வழியில் ஒரு விமான நிலையத்தில் அதிகாரிகள் அவரைச் சில நாள் மறித்துவைத்தார்கள். ஒருவழியாக அவர் வந்த அன்று பலத்த காற்று. விமான நிலையத்திலிருந்து கெய்கோவுக்குப் போன் எடுத்தேன்.

"வரும்போது பார்த்தேன், பூவெல்லாம் கொட்டுகிறது. பிந்திவிட்டோம்."

"பிந்தவில்லை, ஓடி வா! இன்று 'ஹனாஃபுபுகி', பூக்களின் பனிப்புயல்! இதைப் பார்க்கவென்றே நாங்கள் போவோம்!"

பெட்டியோடு நேரே பூங்காவுக்கு ஓடினோம். காற்று சுழன்றது. இதழ்கள் முகத்தில் வந்து அடித்தன.

"இதே உம்மட ஸ்நோ? குளிரேல்லையே!" ரவி கைகளை விரித்துச் சுற்றினார்.

"பொறுங்கோ, மார்கழியில தெரியும்!" என்றேன். சிரிப்பில் எனக்கு மூச்சு வாங்கியது.

மறுநாள் வேலைக்குப் போனதும், கோட்டைக் கழற்றாமலே கெய்கோவிடம் அடுத்த சொல்லைக் கேட்டேன். 'ஹஸகுரா', இலை விட்ட செர்ரி. அதைப் பார்க்கவும் நானும் ரவியும் போனோம்.