கூடைக்கு அடியில் அவரை

பதுளை டவுனில் நான் வாடகைக்கு இருக்கும் மாடி அறையின் மூலையில், போன வாரம் வரை ஒரு பழைய தேயிலைக் கொழுந்துக்கூடை கவிழ்ந்து கிடந்தது. அதற்கடியில், ஐஸ்கிரீம் டப்பாவில், என் மதினியின் அவரை விதைகள். அண்ணன் இறந்த பிறகு வீட்டு வேலைக்கு வெளிநாடு கிளம்பிய அன்று, சேலைத் துணியில் முடிந்து என் கையில் திணித்தார். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் அவர் படரவிட்டிருந்த கொடியின் விதை. இப்போது அந்த லயத்தில் வேறு ஆட்கள், கொடியும் இல்லை. "நான் வாரப்ப காச்சிருக்கணும் புள்ள. ஒன் கையால அவரக்கா கொழம்பு திங்கணும்" என்றார். தீபாவளிக்கு வருவதாகப் போனில் சொன்னதும் டப்பாவில் மண் நிரப்பி ஊன்றினேன். பாதியை எடுத்து வைத்திருக்கலாம். வண்டு விழுந்துவிடுமோ என்று பயந்து எல்லாவற்றையும் ஊன்றிவிட்டு, முளைக்காவிட்டால் என்ன செய்வது என்று அடுத்த பயத்தைப் பிடித்துக்கொண்டேன்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வீட்டுக்குள் விதை முளைக்கவைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி முளைப்பாரி. தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடியேறினால், கோயிலை ஒட்டிய அறையில் சட்டி சட்டியாக வைக்கோலும் காய்ந்த சாணமும் போட்டுத் தானியம் தூவுவோம். வெளிச்சம் படக்கூடாது என்று சன்னலுக்குச் சாக்குக் கட்டியிருக்கும். தண்ணீர் தெளிப்பது மதினியின் பொறுப்பு. மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, குளித்து, ஈரத்தலையோடு அவர் கதவைத் திறந்தால் நனைந்த வைக்கோல் வாசம் முகத்தில் அடிக்கும். நான் பின்னாலேயே போய், "வந்துருச்சா மதினி? அழுகிருச்சா?" என்று நச்சரிப்பேன். "நல்ல வாயிடி ஒனக்கு! நீ பயப்படுறதப் பாத்து அதும் பயந்து உள்ளயே ஒக்காந்துக்கும். தள்ளி நில்லு" என்று தண்ணீரை என் மேலும் தெளிப்பார். கடைசி நாளில் பார்த்தால் பயிர் வெள்ளை வெளேரென்று, நெடுநெடுவென்று நிற்கும். அதைச் சுற்றிக் கும்மி கொட்டி, தலையில் சுமந்துபோய் ஆற்றில் கரைத்துவிட்டு வருவோம்.

அந்த நினைப்பில்தான் கூடையைக் கவிழ்த்தேன். எல்லாமே முளைத்தன. வெளிர் மஞ்சளாக, உயர உயரமாக. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தடுத்த நாளில் ஒவ்வொன்றாகத் தலை சாய்த்தன. மதினிக்கு வீடியோ காலில் காட்டினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஏன்டி, வெளிச்சமே காட்டலையா? கொழம்பு வைக்கப் போறியா, ஆத்துல கரைக்கப் போறியா?"

அப்போதுதான் உறைத்தது. கரைப்பதற்காக மட்டுமே நான் பயிர் வளர்த்திருக்கிறேன். வைத்துக்கொள்வதற்காக எதையும் வளர்த்ததில்லை.

சிரிப்பு ஓய்ந்த பிறகு அவர் முகத்தைக் கவனித்தேன். மலை வெயிலில் கறுத்துப் பளபளத்த முகம், வெளுத்து ஊதியிருந்தது.

"சீக்கா மதினி?"

"சீக்கெல்லாம் இல்ல. இங்க சன்னலத் தெறக்க மாட்டாங்க. வெயிலு எங்க படுது?" என்றவர், "தீவாளிக்கு இல்ல புள்ள. வீட்டம்மா இன்னும் ஒரு வருசம் இருக்கச் சொல்லுது" என்றார்.

கூடையை எடுத்துத் தூரப் போட்டேன். டப்பாவைச் சன்னல் கட்டையில் வைத்து, சாய்ந்த தண்டுகளுக்கு விளக்குமாற்றுக் குச்சி முட்டுக் கொடுத்தேன். போனையும் பக்கத்திலேயே வெளியைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். எதிரே ஹாலிஎல ஊர்ப் பக்கத்து மலையில் அந்நேரம் நல்ல வெயில்.

"எடுத்துறாத. கொஞ்ச நேரம் அப்புடியே இருக்கட்டும்" என்றது மதினியின் குரல்.

இரண்டு அழுகிவிட்டன. மற்றவை சன்னல் கம்பிப் பக்கமாகக் கழுத்தை வளைத்து நிற்கின்றன. ஓர் இலையின் ஓரத்தில் பச்சை தெரிகிற மாதிரி இருக்கிறது. என் கண்ணை நான் நம்புவதில்லை. மூலையில் கூடை நிமிர்ந்து கிடக்கிறது. வேலைக்குப் போகுமுன் தினமும் மதினிக்கு வீடியோ கால் போட்டு, போனை வெளியைப் பார்க்க அந்தச் சன்னலில் வைக்கிறேன். அங்கே அவர் வெயிலைப் பார்க்கிறார், இங்கே நான் இலைகளைப் பார்க்கிறேன்.