இரண்டாவது பிரேக்

ஏசியின் காற்று வாய்களைத் தன் பக்கம் திருப்பிவிட்டு, ஈரக் கைக்குட்டையைப் பிடரியில் போட்டுக்கொண்டு, "ம், கண்ணாடியப் பாருங்க. அப்புறம் கிளட்ச்ச மிதிங்க" என்கிறார் மாஸ்டர். ஓட்டுகிறவர் புழுங்கிச் சாகிறாரே என்ற கவலையெல்லாம் அவருக்கில்லை. கற்றுக்கொள்ள வந்தவருக்கு வேர்க்கத்தான் வேண்டும் என்பது அவர் கட்சி.

அது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் கார். மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அவருடைய வலது கால் அதன்மேல் படாமலும் அதைவிட்டு விலகாமலும் எப்போதும் காவல் இருக்கும். "என் கால் இங்கதான் இருக்கு, நீங்க தைரியமா போங்க" என்பதுதான் முதல் நாள் பாடமே. அந்தக் காலுக்கு விடுமுறை நாளிலும் ஓய்வு கிடையாது. மனைவியோடு பஸ்ஸில் போகும்போதும் சிக்னலைக் கண்டால் தரையை மிதிக்கிறது.

பதறாத மனிதர் என்று ஊரில் பெயர் எடுத்தவர். கார் சுவரில் முட்டப் போனாலும், "பரவாயில்ல, சுவர் எங்கயும் ஓடிடாது. மெதுவா பின்னாடி எடுங்க" என்பார். லாரிக்கு முன்னால் என்ஜின் அணைந்துபோனால் ஒரு கொட்டாவி விடுவார். இந்த மனிதருக்கு வேர்த்து யாரும் பார்த்ததில்லை.

இப்போது பார்க்கிறார்கள். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்து, சில மாதங்களுக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்கிறார். ஆண் ஹார்மோனை அடக்கிவைத்தால் நோயும் அடங்கிக் கிடக்கும் என்றார் டாக்டர். சொன்னபடியே நோய் அடங்கியிருக்கிறது. ஆனால் நெஞ்சுக்குள் யாரோ அடுப்பு மூட்டியதுபோல ஒரு சூடு திடீரென்று கிளம்பி, கழுத்து வழியாக ஏறி, காது நுனிவரை சிவக்க வைக்கிறது. சட்டை தொப்பலாக நனைகிறது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் வடிந்து, உடம்பு சில்லிட்டுப் போகிறது.

வேறு ஆளாக இருந்தால் முடங்கிப் படுத்திருப்பார். மாஸ்டர் துப்பறியத் தொடங்கிவிட்டார். காபியைக் கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் வருகிறது, ஆறவைத்துக் குடித்தால் அவ்வளவாக இல்லை. காரம் தின்றால் வருகிறது. மைத்துனரோடு பேசினால் கட்டாயம் வருகிறது. "ரேடியேட்டர் கொதிக்குது, வேற ஒண்ணுமில்ல. வண்டி நல்ல வண்டி" என்று ஆராய்ச்சியின் முடிவை மனைவியிடம் அறிவித்தார்.

மனைவிக்கு இந்தச் சூடு புதிதல்ல. மாதவிடாய் நின்ற சமயத்தில் பட்டுத் தேறியவள். "வாங்க வாங்க, நான் மட்டும் தனியா வெந்துக்கிட்டு இருந்தேன், துணைக்கு ஆள் வந்தாச்சு" என்று வரவேற்றாள். தடித்த பனியனைக் கழற்றி எறியச் சொன்னதும், சூடு கிளம்பும்போதே மூச்சை மெதுவாக இழுத்துவிடப் பழக்கியதும், கைக்குட்டையை நனைத்துக் கொடுத்தனுப்புவதும் அவள்தான். அவளுக்கு இப்போது சூடு ஓய்ந்துவிட்டது. முழு வேகத்தில் சுற்றும் மின்விசிறிக்கு அடியில் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுக்கிறாள். கேட்டால், "நான் வெந்தப்ப இந்த ஃபேனுக்கு அடியில நீங்க நடுங்கினீங்க, இப்ப நான் நடுங்குறேன். சரியாப் போச்சு" என்கிறாள்.

வியாதி விஷயம் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்பது மாஸ்டரின் கண்டிப்பான உத்தரவு. பயிற்சிப் பள்ளியின் முதலாளி வேறு யாருமல்ல, அந்த மைத்துனர்தான். "உன் தம்பிகிட்ட மட்டும் வாயத் திறந்துடாத. பாசத்துல என்னைக் கார்லேர்ந்து இறக்கி ஆபீஸ் நாற்காலியில உட்கார வச்சிடுவான்." மாஸ்டருக்குப் புற்றுநோயைவிட அந்த நாற்காலியிடம்தான் பயம்.

இதில் அவர் எதிர்பார்க்காத வம்பு ஒன்று முளைத்தது. பதறாத மாஸ்டருக்கே வேர்த்துக் கொட்டுகிறது என்றால் தாங்கள் எவ்வளவு கேவலமாக ஓட்டுகிறோம் என்று கற்றுக்கொள்ள வந்தவர்கள் கிலி பிடித்துப்போனார்கள். ஒரு வங்கி ஊழியர் நடுவழியில் காரை ஓரங்கட்டி, "வேணாம் மாஸ்டர், நான் பஸ்லயே போய்க்கிறேன்" என்று கும்பிட்டுவிட்டு இறங்கி நடந்தார். அன்றைக்கு மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

கார் கற்க வந்த ரொட்டிக்கடை அம்மாளிடம் அந்தச் சிரிப்பு செல்லுபடியாகவில்லை. அவள் கணவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. கடை வேனை எடுக்க ஆளில்லை. அவள் ஓட்டினால்தான் ரொட்டி கடைகளுக்குப் போய்ச் சேரும். முதல் பரீட்சையில் மேட்டில் காரை எடுக்க முடியாமல் தோற்றவள். அடுத்த பரீட்சை நெருங்கிவிட்டது.

போன வாரம் ஆளில்லாத ஒரு மேட்டில் காரை நிறுத்தி எடுக்கச் சொன்னார் மாஸ்டர். மேட்டில் ஏசி போட்டால் அந்தக் கார் மூச்சு வாங்கும், அணைத்தார். அணைத்த கையோடு சூடு கிளம்பியது. அந்த அம்மாள் கண்ணாடியைப் பார்க்க வேண்டியவள், அவர் முகத்தைப் பார்த்தாள். என்ஜின் அணைந்து கார் பின்னால் உருண்டது. மாஸ்டரின் கால் அதை நிறுத்தியது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு அவள் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தாள். "போதும் மாஸ்டர். உங்களையே இப்படி வேர்க்க வைக்கிறேன்னா எனக்கு இது சரிப்படாது. வேனை வித்துடுறோம்."

மாஸ்டருக்கு மனசு கேட்கவில்லை. நாற்காலி ஒரு கணம் கண்முன் வந்து போனது. போகட்டும் என்று வாயைத் திறந்துவிட்டார். "அம்மா, இது பயத்துல வர்ற வேர்வை இல்ல. எனக்குப் புற்றுநோய். அதுக்குப் போடுற ஊசியால, பொம்பளைங்களுக்கு அந்த வயசுல வர்ற மாதிரி ஒரு சூடு."

அவள் தலையை ஆட்டினாள். "என்னைத் தேத்தணும்னு இப்படியெல்லாமா சொல்லுவீங்க? அந்தச் சூடு எனக்கே வருது, எனக்குத் தெரியாதா? ஆம்பளைக்கு எங்கயாவது அது வருமா?"

அடப்பாவமே! இத்தனை நாள் கட்டிக்காத்த ரகசியத்தை அவிழ்த்துக் கொட்டினால், வாங்கிக்கொள்ள ஆளில்லை. மாஸ்டர் அவளைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார். இரண்டாவது பிரேக்கின்மேல் காவல் நின்ற வலது காலைத் தூக்கினார். இடது காலையும் தூக்கினார். முழங்கால் டாஷ்போர்டில் இடிக்க, மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டச் சொட்ட, இருக்கையின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ம், எடுங்க" என்றார்.