கீரையின் கறுப்பு

மணத்தக்காளிக் கீரை வேகும் கசப்பு வாசம் செம்பூர் வீட்டை நிறைத்திருந்தது. வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த என் மகள் வீடு திரும்பி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. கீரையிலுள்ள சில பொருள்கள் புண் ஆற உதவக்கூடும், ஆனால் மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

என் சிறுவயதில் தாராவி வீட்டிலும் தினமும் இதே வாசம்தான். தோல் பட்டறையில் வேலை பார்த்த அப்பாவுக்கும் வயிற்றுப்புண். பசை நெடியில் வரும் தலைவலிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்குவார். எரிச்சலுக்குக் கீரை தின்பார். எரிச்சல் உண்மையிலேயே தணிந்தது. அந்தத் தைரியத்தில் தலைவலி மாத்திரையைக் கூட்டிக்கொண்டார். மலம் கறுப்பாகப் போகிறது என்று தெரிந்ததும் அம்மா பயந்தாள்.

"கீர தின்னா கறுப்பாத்தாம்ட்டி போவும். அதுக்கும் ஒப்பாரி வைப்பியா?" என்று அப்பா சிரித்தார். மூன்றாம் நாள் பட்டறையில் ரத்தம் கக்கி விழுந்தார். பிழைத்தது அதிர்ஷ்டம். அந்தக் கறுப்பு, புண்ணிலிருந்து கசிந்த ரத்தம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

கழிவறையிலிருந்து வந்த மகள், "மம்மி, கறுப்பா போச்சு. கீரைதான், டென்ஷன் மத் லோ, கவலைப்படாத," என்றாள்.

"இருக்கலாம். அதை டாக்டர் சொல்லட்டும். செருப்பைப் போடு," என்று அடுப்பை அணைத்தேன்.