மூச்சு முட்டியது டென்னிஸில் மட்டும்

தினமும் கிரிவலப் பாதையில் ஓடுகிற ஒருவருக்கு, டென்னிஸ் ஆடத் தொடங்கிய சற்று நேரத்திலேயே ஏன் மூச்சு முட்ட வேண்டும்? அருணாதேவியைப் பற்றித் தெரிவதற்கு முன் யாராவது கேட்டிருந்தால் எனக்கும் காரணம் தெரிந்திருக்காது.

அருணாதேவி அடி அண்ணாமலைக்காரர். திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜில் வேலை. விடிந்ததும் ஒரே சீராக ஓடுவார். நடுவில் எங்கேயும் நிற்க மாட்டார். லாட்ஜில் கூட வேலை பார்க்கும் சினேகாதான் அவரை டென்னிஸுக்கு இழுத்துப் போனாள். முதல் நாளே சற்று நேரத்தில் அருணாதேவிக்கு மூச்சு இரைக்க, சினேகா கிண்டலடித்தாள்.

"இன்னாக்கா, மலையவே சுத்தி ஓடறேன்னு பீத்திக்கினு இருந்த, அதுக்குள்ள பஞ்சராயிட்ட?"

அருணாதேவியும் சேர்ந்து சிரித்தார். ஆனால் கை நெஞ்சுக்குப் போனது. அவருடைய அப்பா வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது வயது நாற்பத்திரண்டு. அருணாதேவிக்கும் இப்போது அதே வயது.

அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே இரைத்தது. கணவர் அன்பரசனிடம்கூடச் சொல்லாமல் டாக்டர் கவிநிலாவிடம் போனார். டிரெட்மில்லில் ஓடவிட்டு இதயத்தைப் பரிசோதித்தார்கள்.

"ஹார்ட் நல்லா இருக்குங்க. பயப்பட ஒண்ணுமில்ல."

"அப்புறம் ஏன் டாக்டர் கோர்ட்ல மட்டும் உயிர் போற மாதிரி இருக்குது?"

"நீங்க ஓடறது ஒரே வேகத்துல. உடம்பு அதுக்குப் பழகிடுச்சு. டென்னிஸ்ல சட்டுனு பாயணும், நிக்கணும், திரும்பவும் பாயணும். மூச்சு ஏறி ஏறி எறங்கும். அது வேற பழக்கம். ஒரு பாயிண்ட் முடிஞ்சதும் என்ன பண்றீங்க?"

"பந்து பொறுக்க ஓடுவேன்."

"நிக்கவே மாட்டீங்களா?"

"ரோட்டுல நிக்க மாட்டேனே, அதே மாதிரிதான்."

டாக்டர் சிரித்துவிட்டார். "எறங்க வேண்டிய மூச்ச எறங்கவே விடலியே நீங்க! அந்த இடைவெளிதாங்க உங்களுக்கு ஓய்வு. காலைல ஓடறப்பவும் நடுநடுவுல கொஞ்ச தூரம் வேகமா ஓடிட்டு, நடந்து பாருங்க. போகப் போகப் பழகிடும்."

வெளியே வந்ததும் அன்பரசனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினார்.

"பைத்தியமாடி உனக்கு? இத்தன நாளா மனசுலயே வச்சினு இருந்தியா?"

அவர் திட்டத் திட்ட அருணாதேவிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது.

மறுநாள் ஒரு பாயிண்ட் முடிந்ததும் வலையோரம் நின்றுகொண்டார்.

"பந்த யாரு எடுப்பா?" என்றாள் சினேகா.

"நீயே எடுடி. நான் மூச்சு விட்டுக்கினு இருக்கேன்."

அன்றும் இரைத்தது. ஆனால் கை நெஞ்சுக்குப் போகவில்லை. முதல்முறையாக ஒரு செட் முழுக்க ஆடினார், தோற்றார், பசியோடு வீட்டுக்குப் போனார்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்படிப் பயத்தை உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால், அருணாதேவியின் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். டாக்டரிடம் போய்க் கேட்கவும் சொல்லுங்கள்.