ராஜமேரியின் நான்காம் அத்தியாயம்

என் அக்கா ராஜமேரி, பிடித்தால் பிடித்ததுதான். பாப்பாரப்பட்டியில் கேழ்வரகு விதைக்கிற குடும்பத்தில் பிறந்தவள், 1970இல் பெங்களூருக்கு ஈஸ்ட் ஆராய்ச்சி செய்யப் போனாள். ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற அதே ஈஸ்ட்தான். அதற்கு டாக்டர் பட்டமா என்று ஊர் சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

ஈஸ்ட் தனக்கு வேண்டிய அமினோ அமிலங்களைத் தானே செய்துகொள்ளும். அவற்றில் ஹிஸ்டிடின் என்ற ஒன்றுக்கு மட்டும் அக்கா பஞ்சம் உண்டாக்கிப் பார்த்தாள். அதைத் தயாரிக்கும் என்சைம்கள் கூடின. அது எதிர்பார்த்ததே. ஆனால் குறையே இல்லாத அர்ஜினின் என்ற இன்னொரு அமினோ அமிலத்துக்கான என்சைம்களும் சேர்ந்து கூடியிருந்தன.

பாக்டீரியாகூட அப்படிச் செய்யாது, ஈஸ்ட் செய்யுமா, வேறு கிருமி கலந்திருக்கும் என்றார் அவளுக்கு வழிகாட்டிய பேராசிரியர். அங்கேதான் அக்கா தப்பு செய்தாள். உப்பு தீர்ந்தால் அம்மா வாரச்சந்தைக்குப் போவாள், போனவள் புளி மிளகாயும் வாங்கித்தான் வருவாள் என்று ஆய்வேட்டிலேயே எழுதிவிட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு அவள் காட்டிய எந்தக் கணக்கையும் அவர் நம்பவில்லை.

சோதனையைப் பதினோரு முறை திரும்பச் செய்தாள். ஈஸ்டருக்குக்கூட வீட்டுக்கு வரவில்லை. 1973இல் ஒரே ஒரு ஜீன் கெட்டுப்போன ஈஸ்ட் அவள் கையில் சிக்கியது. எதற்குப் பஞ்சம் வந்தாலும் அதில் எந்த என்சைமும் கூடவில்லை. ஆக, எல்லாவற்றையும் கூட்டுவது ஒரே ஜீன்தான் என்று அந்தச் சந்தை உவமையை அடித்துவிட்டு நான்காம் அத்தியாயத்தை எழுதினாள். அந்த அத்தியாயத்தை எடுத்தால்தான் கையெழுத்து என்றார் பேராசிரியர்.

"அந்த நாலு பக்கத்தக் கிழிச்சிப் போட்டுட்டுப் பட்டத்த வாங்கிக்கிட்டு வூட்டுக்கு வா புள்ள" என்று அம்மா அழுதாள்.

"கண்ணால பாத்தத, பாக்கலைன்னு எப்படிம்மா எழுதறது?"

பட்டமில்லாமலே வந்து தருமபுரியில் ஒரு பள்ளியில் டீச்சரானாள். எனக்கு அவள் மேல் அப்படிக் கோபம் வந்தது.

1975இல் பேராசிரியரின் கடிதம் வந்தது. வெளிநாட்டில் யாரோ அதையே கண்டுபிடித்து அச்சிட்டிருக்கிறார்களாம். அவர்களைப் பின்பற்றிச் செய்ததாக ஒரு வரி சேர்த்தால் அத்தியாயம் இருக்கட்டுமாம். படித்ததும் அக்காவின் முகம் சிவந்தது.

"அவங்க பேரத் தாராளமா போடறேன். ஆனா நான் பாத்த தேதியத்தான் மொதல்ல போடுவேன்."

அப்படியே டைப் அடித்து அனுப்பினாள். அத்தியாயத்தின் முதல் வரியிலேயே 1973 இருந்தது. இந்த முறை பேராசிரியர் எதையும் அடிக்காமல் கையெழுத்துப் போட்டார்.