அத்தையின் கைப்பைக்குக் காவல்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா, அத்தை, சித்தப்பா, அண்ணன், நான், பூனை. அப்பா இல்லை. விடிவதற்கு முன்பே வண்டியில் அகல் விளக்கு லோடு ஏற்றிக்கொண்டு சேத்தியாத்தோப்புப் பக்கம் போயிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா உறைமோர் கேட்டு ஒரு தடவை வந்தாள். ஆனால் வாசற்படியைத் தாண்டவில்லை, அதனால் அவளைச் சேர்க்க வேண்டாம். இவ்வளவு சரியாக ஏன் சொல்கிறேன் என்றால், கடித்தது யார் என்ற கேள்வி வந்தபோது இந்த ஆறு பேருக்குள்தான் ஆளைத் தேட வேண்டியிருந்தது.

பூனையைக் கொண்டுவந்தது சித்தப்பா. அவருக்குப் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. சூளையை அணைத்த பிறகும் ரெண்டு நாளைக்கு அந்தப் பக்கம் கதகதப்பாக இருக்கும். ஊரில் இருக்கிற பூனைகளெல்லாம் குட்டி போட அங்கேதான் வரும். பொம்மைகளைச் சுற்றிக் கட்டும் வைக்கோலுக்குள் கிடந்த ஒரு குட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக் கொண்டுவந்து, “எலி புடிக்கும் அண்ணி” என்று அம்மாவிடம் கொடுத்தார். அது எலி பிடித்து நான் பார்த்ததில்லை. வைக்கோலில் பிறந்ததாலோ என்னவோ, நீளமாக எதைக் கண்டாலும் கடிக்கும். சார்ஜர் வயர், துடைப்பம், செருப்பு வார், டிவி பெட்டிக்குப் பின்னால் தொங்குகிற கேபிள் என்று ஒன்று விடாது.

அதைத் திருத்த எல்லாரும் ஆளுக்கொன்று செய்து பார்த்தார்கள். அண்ணன் வயரில் தலைவலித் தைலம் தடவினான். பூனை தும்மியது, பிறகு கடித்தது. சித்தப்பா கம்பெனியிலிருந்து மின்சார அடுப்புக் கம்பிக்குக் கோக்கிற சின்னச் சின்னப் பீங்கான் மணிகளை எடுத்துவந்து, சார்ஜர் வயரை அறுத்து, முழு நீளத்துக்கும் மணி கோத்து, மறுபடி ஒட்டவைத்தார். போன் சார்ஜ் போட்டால் மாட்டுக் கழுத்து மணிச் சத்தம் வரும். பூனை ஒரு வாரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு போனில் செருகுகிற பின்னுக்குப் பக்கத்தில் மணி இல்லாமல் ஒரு விரல் அளவு வயர் தெரிவதைக் கண்டுபிடித்துவிட்டது.

அம்மா செய்த வைத்தியம் வேறு. மிளகாய்ப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்து, டிவி ரிமோட்டின் ரப்பர் பொத்தான்களில் பூசிவைத்தாள். ரிமோட்டையும் யாரோ கடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து, எட்டு என்கிற பொத்தான்கள் பாதி போயிருந்தன.

ரிமோட்டைக் கடித்தது நான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பயந்த சுபாவம். இன்றைக்கும் கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுவேன். பூட்டிய பிறகு ஒரு தடவை திறந்தும் பார்ப்பேன். சின்ன வயதில் பயம் வந்தால் கைக்குக் கிடைத்ததை வாயில் வைத்துவிடுவேன். பென்சில், ஸ்கூல் அடையாள அட்டையின் கயிறு, பாவாடை நாடா, ரிமோட். நான் செய்ததும் பூனை செய்ததும் ஒரே பெயரில் போய்க்கொண்டிருந்தன. யார் என்று கேட்காமலேயே எல்லாரும் பூனையைத்தான் திட்டினார்கள். திட்டு வாங்கிக்கொண்டு அது என் மடியிலேயே வந்து படுக்கும். இது வேறு எனக்குப் பயமாக இருக்கும்.

மிளகாய் பூசிய அன்று நான் மூன்று சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

“ஏன் புள்ள இவ்ளோ தண்ணி குடிக்கிற?” என்று அம்மா கேட்டாள்.

“வெயிலு” என்றேன். வெளியே ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது. அம்மா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை வருவதற்கு முதல் நாள் ராத்திரி பூனை அப்பாவின் சார்ஜரை ரெண்டு துண்டாக்கிவிட்டது. இது நிஜமாகவே பூனைதான், நான் இல்லை. போன் செத்துக் கிடந்ததில் ஒரு லோடுக்கான அழைப்பு அப்பாவுக்குத் தவறிப்போனது. இருட்டோடு கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: “இன்னிக்கு ஒண்ணு, ஒரே ஒண்ணு அது வாயில பட்டுதுன்னு கேட்டேன், சாயங்காலம் சாக்குல கட்டி வண்டியில போட்டுப்பேன். பெண்ணாடம் தாண்டி ஆத்தங்கரையில வுட்டுட்டு வந்துடுவேன். எவனும் வாயத் தொறக்கக் கூடாது.”

அப்பா சொன்னால் செய்வார். நான் அப்போதே பாவாடை நாடாவை வாயில் வைத்துவிட்டேன்.

அத்தை மங்கலம்பேட்டையிலிருந்து ஒன்பது மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். அப்பாவுக்கு அக்கா. மறுநாள் எங்கள் ஊரில் ஒரு கல்யாணம், அதற்காக வந்திருந்தாள். தோளில் ஒரு கைப்பை. அரக்கு நிறம், தங்கக் கலரில் வளையம் வைத்தது. அத்தை வீட்டுக்கு எதிர்வீட்டு அம்மாவுக்கு, வீட்டுக்காரர் துபாயிலிருந்து வாங்கிவந்து கொடுத்த பை. கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போய்த் திருப்பித் தருகிறேன் என்று அத்தை கேட்டு வாங்கிவந்திருந்தாள்.

“எரவல் பொருளும்மா. உங்க வூட்டுப் பூன கிட்ட வராம பாத்துக்கணும்” என்றாள் அம்மாவிடம். சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஆணியில் மாட்டினால் பூனை ஏறும். பீரோ பூட்டாது. கடைசியில் பையை என் மடியில் வைத்தாள்.

“பாப்பா, ஒன்னால இத ஒரு மணி நேரம் பாத்துக்க முடியுமா? அத்த குளிச்சிட்டு, செத்த நேரம் கட்டைய நீட்டிட்டு வரேன். பூன வந்தா அடி.”

நான் நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்துக் கைப்பிடி வாரை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பூனை வாசற்கதவருகே உட்கார்ந்து வாரையே பார்த்தது. வார் நீளமாக, தொங்கலாக, பூனைக்கென்றே செய்தது போல இருந்தது. நான் பூனையையே பார்த்தேன். நீ கடித்தால் சாக்கு, பெண்ணாடம், ஆற்றங்கரை. அங்கே நாய் இருக்கும். தண்ணீர் வந்தால் என்ன செய்வாய்? கரும்பு லோடு டிராக்டர் வந்தால் உனக்கு ஒதுங்கத் தெரியுமா? வராதே, வராதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பூனை வரவில்லை. அது காலை நீட்டித் தூங்கிப்போய்விட்டது. அத்தை எழுந்து வருகிற சத்தம் கேட்டபோதுதான் என் வாயில் ரெக்ஸின் வாசனை இருப்பது எனக்குத் தெரிந்தது. வாரின் ஒரு முனை ஈரமாக இருந்தது. தையல் பிரிந்து, தோல் நசுங்கி, உள்ளே இருந்த அட்டை வெளியே வந்துவிட்டது.

நான் வாரைப் பையின் அடியில் மடித்து வைத்து, பையைப் பாயில் வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடிப்போனேன். அதற்குப் பிறகுதான் அத்தையின் சத்தம் கேட்டது.

“ஐயையோ! போச்சு! அந்த அம்மா என்னய உசுரோட வுடுவாங்களா? ரெண்டாயிரத்து நானூறு ரூவா பையி! புள்ள அந்தாண்ட போன நேரம் பாத்துக் கடிச்சிருக்குது பாரு, சனியன்!”

ராத்திரி சூளை வேலை முடித்துவிட்டு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த சித்தப்பா எழுந்து வந்தார். வாரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அக்கா, இது பூன இல்ல” என்றார். “பூனப் பல்லு ஊசி மாதிரி. ஓட்ட வுழும். இது நசுங்கியில்ல இருக்குது.”

“அப்ப என்னாடா, மனுசங்க கடிச்சாங்களா?”

“அதான் பாத்துருவோம்.”

சித்தப்பாவுக்குத் தான் கொண்டுவந்த பூனை மேல் பாசம். அதோடு விளையாட்டுப் புத்தியும் உண்டு. அம்மா பொம்மைப் பட்டறையில் பிள்ளையாருக்குத் தும்பிக்கை ஒட்டும் வேலை செய்தாள். மீந்த மண்ணைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, அடுப்பு மேடை விரிசலுக்கு அப்பலாம் என்று கொண்டுவந்து வைத்திருந்தாள். அந்த வெள்ளை மண்ணை எடுத்து, பிஸ்கட் போலத் தட்டி, ஆளுக்கொன்று கையில் கொடுத்தார் சித்தப்பா.

“போலீஸ்ல கைரேக எடுக்கறாங்கல்ல, அந்த மாதிரி. எல்லாரும் ஒரு கடி கடிச்சிக் குடுங்க.”

“ஏண்டா, நான் எரவல் வாங்கியாந்த பைய நானே கடிப்பனா? என்னையும் கடிக்கச் சொல்ற?”

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் அக்கா.”

முதலில் சித்தப்பா கடித்தார். அண்ணன் கடித்துவிட்டு, உப்பே இல்லை என்றான். மூன்றாவது நான். மெதுவாகக் கடித்தால் சந்தேகம் வரும் என்று பயந்து பலமாகவே கடித்தேன். என் முன்பற்கள் ரெண்டும், நடுவில் இருந்த சந்தும் அச்சு வார்த்த மாதிரி பதிந்தன. வாரில் இருந்ததும் அதே சந்துதான், எனக்கே தெரிந்தது. நாலாவது அம்மா. எல்லாவற்றையும் ஜன்னல் பலகையில் வரிசையாக வைத்தார் சித்தப்பா. பூனையையும் தூக்கிவந்து வாயில் மண்ணை வைத்தார். அது மண்ணை விட்டுவிட்டு அவர் கட்டைவிரலைக் கடித்தது.

கடைசியாக அத்தை, முணுமுணுத்துக்கொண்டே கடித்தாள். கடித்தவள் வாயைத் திறக்கவில்லை. கையால் பொத்திக்கொண்டாள். மண் துண்டைப் பார்த்தால், அதில் ஒரு பல் நிற்கிறது. பாண்டிச்சேரியில் கட்டின பல்.

“அடப் பாவி! மூணு மாசம் ஆவல அதக் கட்டி!” என்றாள் அத்தை. காற்றாகத்தான் வந்தது. அண்ணன் தரையில் புரண்டு சிரித்தான். சித்தப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு, மண்ணிலிருந்து பல்லைப் பெயர்த்துச் சொம்புத் தண்ணீரில் கழுவினார். அத்தை அவர் முதுகில் ரெண்டு போட்டாள். நாளைக்குக் கல்யாணத்தில் எப்படிச் சிரிப்பேன் என்று அழுதாள். சித்தப்பா, அண்ணன், நான் மூன்று பேரும் அவளைச் சுற்றி நின்றோம்.

அந்த அமளி அடங்கிய பிறகு சித்தப்பா வாரை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். முதல் துண்டு அவருடையது, பொருந்தவில்லை. அண்ணனுடையதும் பொருந்தவில்லை. மூன்றாவது துண்டில் பல்லே இல்லை. வழவழவென்று ஒரு கட்டைவிரல் தடவியது போல இருந்தது.

“இது பாப்பாதுல்ல? கடிச்சாளே, எங்க காணோம்?”

“ஈர மண்ணு. கை பட்டுப் போயிருக்கும்” என்றாள் அம்மா.

“சரி, இன்னொன்னு கடிக்கட்டும்.”

“புள்ள மண்ணத் தின்னு வவுத்தால போவட்டும்னு பாக்குறியா? வுடு தம்பி. பூனதான் கடிச்சுது. நானே பாத்தேன்.”

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். அவள் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு, “சரி அண்ணி” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா எப்போது பார்த்தாள்? நான் பின்பக்கம் ஓடியபோது பூனை எழுந்துபோய்க் கொஞ்சம் கடித்திருக்குமோ? அம்மா பொய் சொல்ல மாட்டாள், அதனால் கடித்துத்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன். பாதிதான் என் தப்பு என்று ஆனதில் எனக்கு ஒரு நிம்மதி. மண்ணில் என் பல் அழிந்தது சாமி செயல் என்று நம்பினேன். கொளஞ்சியப்பருக்கு மனசுக்குள் ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டேன். அம்மா அந்தத் துண்டுகளையெல்லாம் சேர்த்துப் பிசைந்து அடுப்பு மேடை விரிசலில் அப்பிவிட்டாள்.

அப்பா வருவதற்குள் சித்தப்பாவே பூனையை ஒரு துணிப் பைக்குள் போட்டு சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனார். எங்கே விட்டீர்கள் என்று கேட்டதற்கு, “கருவாட்டுக் கடை இருக்கற ஊரா பாத்து வுட்டுட்டேன் பாப்பா. இனிமே அது மகாராஜா” என்றார். நான் ரெண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அத்தையின் எதிர்வீட்டு அம்மா பையைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார்கள். முழுப் பணமும் வேண்டும் என்றார்கள். அம்மா மாதம் இருநூறாகப் பன்னிரண்டு மாதம் கட்டினாள். அதற்காகத் தும்பிக்கையோடு காதும் ஒட்டினாள். அந்தப் பை எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. வாருக்கு ஒரு ஒட்டுப் போட்டு அதில்தான் அம்மா பட்டறைக்குச் சோறு எடுத்துப்போவாள்.

நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தி, சித்தப்பாவின் கம்பெனிக்கே வேலைக்குப் போனேன். அங்கே ஒன்றைக் கவனித்தேன். வேறு எந்தக் கம்பெனியிலும் வயர் தரையில் கிடக்கும். அங்கே மட்டும் எல்லா வயரையும் ஆள் உயரத்துக்கு மேலே கட்டிவைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, முன்னே ஒரு பூனை இருந்தது, அதற்குப் பயந்து கட்டினோம், அது செத்த பிறகும் அப்படியே விட்டுவிட்டோம் என்றார்கள். சித்தப்பா அந்தப் பேச்சு நடக்கும்போது சூளைக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

போன வருஷம் என் மகன் ஸ்கூல் அடையாள அட்டையின் கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தான். நான் கையை ஓங்கினேன்.

“அடிக்காத” என்றாள் அம்மா. “நீ அத்த பையோட வாரக் கடிச்சப்ப ஒன்ன யாரு அடிச்சா?”

நான் ஓங்கிய கையை இறக்கினேன். ஒனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“மொளகாப் பொடிய பூனயா தின்னுது? மழையில மூணு சொம்புத் தண்ணி குடிச்சது யாரு?”

“தெரிஞ்சிருந்தா ஏம்மா பூனய அனுப்புன?”

“உங்க அத்த வாயில நீ வுழுந்திருந்தா அன்னிக்கு ராத்திரிக்குள்ள சொந்தக்காரங்க அத்தன பேருக்கும் தெரியும். அப்புறம் உங்கப்பா கை இருக்குது. பூனைக்கு இந்த வூடு இல்லன்னா இன்னொரு வூடு. ஒன்ன எங்க கொண்டுபோயி வுடறது?”

அந்த ரெண்டாயிரத்து நானூறையும் நாளைக்கே தந்துவிடுகிறேன் என்றேன். அம்மா தலையை ஆட்டினாள்.

“மொத்தமா வேணாம். நான் எப்படிக் குடுத்தனோ அப்படியே குடு.”

ஒன்பது மாதம் கொடுத்திருக்கிறேன். முதல் தேதி வந்தால் அந்தப் பழைய பையைத் திறந்து நீட்டுகிறாள். இன்னும் அறுநூறு ரூபாய் பாக்கி.